அப்பாவுக்கு விழுந்த கார்

தூத்துக்குடி நகைக்கடையிலிருந்து முதல் போன் வந்தபோது அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், உங்களுக்குக் கார் விழுந்திருக்கு."

அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்கன விழுந்துச்சு? ஆளுக்கு ஏதும் அடியா?"

அந்தப் பக்கத்தில் பேசியவர் பொறுமைசாலி. குலுக்கல், கூப்பன், முதல் பரிசு என்று விளக்கினார். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் குரல் மாறியது.

"ஏலே, அடுத்து ஓடிபி கேப்ப. அதான? போன வாரம் பேங்குன்னு சொல்லிப் பேசுனவனும் நீதானல."

வைத்துவிட்டார். இரண்டாவது முறை பேசியபோது அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்றாவது முறை அம்மா எடுத்தாள். "காரெல்லாம் வேண்டாம்யா, எங்க ஊருக்கு ரோடு கிடையாது" என்று, வாசலுக்கு வந்த புடவை வியாபாரியிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொல்லி வைத்தாள். கடைசியில் கடையிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்தார்கள். மினி பஸ்ஸில் ஆற்றங்கரை வரை வந்து, தோணி ஏறி, இறங்குகிற இடத்தில் தண்ணீர் முழங்கால் வரை இருந்ததால் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பூங்கொத்தோடு எங்கள் வீட்டு முன்னால் நின்றார்கள். அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வாங்கிய காப்புக்குக் கொடுத்த கூப்பன் அது. அதை வாங்கியதையே நாங்கள் மறந்திருந்தோம்.

எங்கள் ஊர் ஒரு தீவு. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆறு கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டு கிளைக்கும் கடலுக்கும் நடுவில் அகப்பட்ட மணல்தான் எங்கள் ஊர். ஒரு மாதா கோயில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம், ஒரு சிமெண்ட் ரோடு. ரோடு தோணித்துறையில் தொடங்கிக் கோயில் வாசலில் முடியும். இரண்டு பக்கமும் வீடுகளும் ஓலை வேலிகளும் ரோட்டை ஒட்டியே இருக்கும். பைக்கில் போகிறவர் வந்தால் நடந்து போகிறவர் வேலியோடு சாய்ந்துகொள்ள வேண்டும். அக்கரைக்குப் போகத் தோணி ஒன்றுதான். காற்று பலமாக இருந்தால் தோணி வராது. தோணிக்காரர் வீட்டில் விசேஷம் என்றாலும் வராது.

பாலம் வரும் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த வரன்கள் எல்லாம் அந்தப் பாலத்தில்தான் நின்றன. தூத்துக்குடியில் ஹாஸ்டலில் தங்கி பி.காம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கரையில் நின்று தோணியைப் பார்ப்பார்கள், ஆற்றைப் பார்ப்பார்கள், பிறகு போன் செய்வார்கள். "பாலம் வரட்டும், பேசிக்கிடலாம்." அம்மா ஒவ்வொரு தடவையும் அவர்களுக்காகச் செய்த பலகாரத்தை எங்களுக்கே எடுத்து வைப்பாள்.

கார் விழுவதற்கு முந்தின வருடம் பாலம் விஷயமாக ஓர் என்ஜினியர் வந்திருந்தார். ஊர்க்கமிட்டியில் அப்பாவும் ஓர் ஆள் என்பதால் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. விளைமீன் குழம்பை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "பாலம் கேக்குறதெல்லாம் சரிதான். ஆனா ஊர்ல ஒரு நாலு சக்கர வண்டிகூடக் கிடையாதே. வண்டி இல்லாத ஊருக்கு எதைக் காட்டிப் பாலம் கேக்குறது?"

"பாலம் இல்லாம வண்டி எப்பிடி சார் வரும்?" என்று அப்பா கேட்டார்.

"அதுவும் நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

அதனால் நகைக்கடைக்காரர்கள் பூங்கொத்தை நீட்டியபோது அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சம் காருக்காக வந்ததில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஊரில் எல்லாரும் வண்டியை அக்கரையிலேயே விற்றுவிடச் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

"வண்டி இல்லன்னுதான சொன்னாவ. இப்ப வண்டி இருக்குல்லா. இனி அவுக பாலம் போட்டுத்தான் ஆகணும்."

கார் வந்த நாளன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். இரண்டு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் காரை ஏற்றினார்கள். வெள்ளை நிறத்தில் சின்னக் கார். நகைக்கடை அனுப்பிய டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்துக்காரர், கடலைத் தொலைவில் இருந்து பார்த்துப் பழகியவர். இறங்கவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். சீட் பெல்ட்டை இறுக்கமாகப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அப்பா ஜன்னல் வழியாகக் குனிந்து, "பெல்ட்டக் கழத்திரும் தம்பி. வண்டி முங்குனாலும் நீரு நீந்தி வரணும்லா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கரை சேரும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

துறையில் பலகை போட்டு இறக்கினார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். நீண்ட பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தை ஆரம்பித்தவர், ரோட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீக்கிரமாக முடித்துக்கொண்டார். டிரைவர் காரை மெல்ல ஓட்டிக் கோயில் வாசல் வரை கொண்டுபோனார். ஊர் முழுவதும் பின்னால் நடந்தது. கோயில் வாசலில் நிறுத்தி, இறங்கி, சுற்றிப் பார்த்தார்.

"வண்டியத் திருப்புறது எங்கே?"

யாரும் அதை யோசிக்கவில்லை. ரோட்டின் இந்த முனையில் கோயில் படிக்கட்டு. அந்த முனையில் ஆறு. நடுவில் எங்கேயும் கார் திரும்ப இடம் கிடையாது. ரோட்டை விட்டுச் சக்கரம் இறங்கினால் மணலில் புதைந்துவிடும். டிரைவர் சாவியை அப்பா கையில் வைத்து, வணக்கம் சொல்லி, அடுத்த தோணியைப் பிடித்தார்.

அன்று முதல் எங்கள் கார் கோயிலைப் பார்த்தபடியே நின்றது. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் முன்னால் ஓட்ட வேண்டும். துறைக்குப் போக வேண்டுமென்றால் பின்னால் ஓட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

முதலில் அப்பாதான் ஓட்டிப் பார்த்தார். அவர் கை வள்ளத்துச் சுக்கானில் பழகிய கை. சுக்கானை இடது பக்கம் தள்ளினால் வள்ளம் வலது பக்கம் போகும். ஐம்பது வயது வரை அப்படியே பழகிய ஆளிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? வேலியைத் தவிர்க்க நினைத்து வேலிக்குள்ளேயே போனார். கருவாடு காயப்போட்டிருந்த பந்தல் சரிந்து, கண்ணாடி முழுக்க நெத்திலி. அப்பா வைப்பரைப் போட்டார். அது நெத்திலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒழுங்காகத் தள்ளியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தார்.

"இது தலைகீழாப் போவுது. ஏளா, நீ படிச்சவதான, நீ ஓட்டு."

அண்ணன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். ஊரில் மற்ற ஆண்கள் பகலெல்லாம் கடலில். ஆகவே சாவி என்னிடம் வந்தது. போனில் வீடியோ பார்த்துத்தான் ஓட்டக் கற்றேன். அந்த வீடியோக்களில் எல்லாம் கடைசிப் பாடமாகத்தான் ரிவர்ஸ் வரும். எனக்கு அதுதான் முதல் பாடம். காரில் மேப் காட்டுகிற திரை ஒன்று இருந்தது. அதைப் போட்டால் எங்கள் கார் நீலத் தண்ணீருக்கு நடுவில் நிற்பதாகக் காட்டும். ஒரு பெண் குரல், முடிந்தால் யூ டர்ன் எடுக்கும்படி மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொள்ளும்.

"அந்தப் பொம்பள நம்ம ஊருக்கு வந்திருக்காளா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப அவளுக்கு என்ன தெரியும். ஆஃப் பண்ணு."

நடக்க முடியாதவர்களை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொண்டுபோய் விடுவது, பிரசவத்துக்குப் போகிறவர்களைத் துறையில் சேர்ப்பது என்று காருக்கு வேலை கிடைத்தது. ரிவர்ஸ் போட்டால் பீப் பீப் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் யாரோ ஊரை விட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். பெண்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து யாரென்று பார்ப்பார்கள். பாட்டுப் போட்டால் பாட்டு முடிவதற்குள் ரோடு முடிந்துவிடும். ஆனாலும் யாரும் உடனே இறங்க மாட்டார்கள். பாட்டு முடியட்டும் என்று ஏசியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு காருக்காக ஊர்க்கூட்டம் போட்டுச் சாலை விதிகள் வகுத்த ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பூசை நேரத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது. இரண்டாவது கியருக்கு மேலே போகக் கூடாது. போக நினைத்தாலும் முடியாது என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை போட்டார்கள். உடனே துறைப் பக்கத்துக்காரர்கள், "ஏன், எங்க பக்கம் பிள்ளைய இல்லையா?" என்று கேட்டார்கள். அங்கேயும் ஒன்று போட்டார்கள். அதன் பிறகு கார் ஓட்டுகிற நேரத்தில் பாதி, வேகத்தடையில் ஏறி இறங்குவதிலேயே போனது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. சித்தப்பா என்றால் அப்பாவின் சித்தி மகன். கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, மீன் வியாபாரம். வள்ளங்களில் வருகிற மீனை வாங்கி ஐஸ் போட்டு அக்கரைக்கு அனுப்புவார். அப்பாவும் அவரும் சின்ன வயதில் ஒரே வள்ளத்தில் போனவர்கள். பிறகு ஏதோ ஒரு சப்பரத்தை யார் முன்னால் பிடிப்பது என்பதில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு வள்ளங்களைக் கட்டி, பலகை அடித்து, பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அவரு வண்டி பாட்டுக் கேக்க. என் வண்டி பாடுபட" என்று துறையில் நின்றவர்களிடம் சொன்னாராம்.

அதிலும் ஒரு வித்தியாசம் செய்தார். பலகையில் ஏற்றும்போதே வண்டியைத் திருப்பி ஏற்றி, ரோட்டில் பின்பக்கமாக இறக்கினார். ஆகவே எங்கள் கார் கோயிலைப் பார்த்து நின்றது, அவருடைய குட்டியானை துறையைப் பார்த்து நின்றது. ஒரு வண்டி போகிற ரோட்டில் இரண்டு வண்டிகள், எப்போதும் மூக்கோடு மூக்கு.

மறுபடியும் ஊர்க்கூட்டம். இரண்டு வண்டி எதிரே எதிரே வந்தால் யார் வழிவிடுவது? நெடுநேரம் பேசி, ஆற்று முகத்துவாரத்தில் என்ன வழக்கமோ அதையே ரோட்டுக்கும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. சரக்கு ஏற்றிய வள்ளத்துக்கு வெறும் வள்ளம் வழிவிட வேண்டும். எல்லாருக்கும் திருப்தி. இரண்டு வண்டியிலும் சரக்கு இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. அவர்களிடம் அப்பா போனில், "துறையில வந்து இறங்குங்க, காரு நிக்கும்" என்று சொன்னார். கார் என்ற சொல் கேட்டதும் அவர்கள் பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர்கள் வந்த அன்று காலை அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. என்னைப் பட்டுப்புடவை கட்டி உட்கார வைத்துவிட்டால் காரை யார் ஓட்டுவது? வேறு ஆள் இல்லை. "போய்க் கூட்டிட்டு வா. வந்த உடனே பின்வாசல் வழியா உள்ள போயிரு. அப்புறம் காப்பித் தட்டோட வா. அவுகளுக்கு எங்க தெரியப்போவுது" என்றாள். பட்டுப்புடவையோடு, தலையில் பூவோடு, பீப் பீப் என்று ரிவர்ஸில் துறைக்குப் போனேன்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமா. மாமா முன்சீட்டில் ஏறினார். மற்ற இரண்டு பேரும் பின்னால். கண்ணாடியில் மாப்பிள்ளையின் நெற்றியும் ஒரு புருவமும்தான் எனக்குத் தெரிந்தன.

முதல் வேகத்தடை தாண்டியதும் அவருடைய அம்மா பேச ஆரம்பித்தார்கள்.

"பிள்ள, நீ பொண்ணு வீட்டுக்குச் சொந்தமா?"

"ஆமா" என்றேன். பொய் இல்லை.

"பொண்ணு எப்பிடி? குணமா இருப்பாளா?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலிக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. கவனம் முழுக்க அதில் இருந்தது. அதோடு, என்னைப் பற்றி இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

"குணந்தான். கொஞ்சம் வாய் உண்டு."

"வாய் இருந்தாப் பரவால்ல. சமைப்பாளா?"

"சுமாரா."

"நெறம்?"

"என்னையக் காட்டிலும் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

தாய்மாமா ஒரு தடவை திரும்பி என் பட்டுப்புடவையைப் பார்த்தார். இந்த ஊரில் டிரைவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தபோது எதிரே குட்டியானை வந்தது. மேலே மீன் பெட்டிகள், ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சித்தப்பா பிரேக் போட்டார். நானும் போட்டேன். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கோழி மட்டும் நடந்து போகலாம் என்கிற அளவுக்கு இடம்.

சித்தப்பா தலையை வெளியே நீட்டினார். "ஏளா, பின்னால எடு. லோடு இருக்கு."

"என் வண்டியிலயும் ஆள் இருக்கு சித்தப்பா."

"ஆளு சரக்கா?"

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையோடு வீட்டிலிருந்து வேகமாக நடந்து வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"ஊர்ல வச்ச சட்டம் என்ன? வெறும் வண்டிதான வழிவிடணும். என் வண்டி வெறும் வண்டியா?" என்றார் அப்பா.

"மனுசன் கெட்டுப் போவானா? மீன் கெட்டுப் போவும்லா. கெடுகதுதான் சரக்கு" என்றார் சித்தப்பா.

"எங்க வீட்டுக்கு வந்தவுகள மீனோட சேத்துப் பேசுதியா?"

"சேத்துப் பேசலயே. மீன் ஒசத்தின்னுதான சொல்லுதேன்."

கமிட்டி ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஆட்களும் சரக்குத்தான், விமானத்தில் ஆளுக்கு எடை பார்க்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் எடையில் எது அதிகம் என்று பார்த்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். காருக்குள்ளிருந்து இறங்கவும் முடியாது. இரண்டு பக்கமும் வேலி இடித்ததால் கதவு கை நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரம்மா நான்கு டம்ளர் காப்பி கொடுத்தாள். எங்கள் வீடு அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. வேலியைப் பிரித்து இறக்கி நடக்க வைத்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் போயிருக்கலாம். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. காரில் வந்தவர்களை நடத்திக் கூட்டிப்போவது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. நடந்து போவது தாய்மாமாவுக்கு மரியாதைக் குறைவு.

வெயில் ஏறியது. ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஓடி எங்கள் முன்சக்கரத்தைத் தொட்டது. அப்போது பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை முதல்முறையாகப் பேசினார்.

"டிக்கி உள்ள இருந்து திறக்குமா?"

திறந்தேன். சீட்டைத் தாண்டிக் குதித்துப் பின்பக்கமாக இறங்கினார். வேலியில் ஓர் ஆள் போகிற அளவுக்கு ஓலையைப் பிரிக்கச் சொல்லி, முன்னால் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"துறைமுகத்துல ஒரு கப்பல் சரக்கு இன்னொரு கப்பலுக்கு மாறித்தான் போவும். இங்கயும் அப்பிடிச் செஞ்சா என்ன? மீன் துறைக்குப் போகணும். அந்தக் காரு துறைப்பக்கம் பின்னால போவும்லா, மீன அதுல ஏத்துங்க. நாங்க கோயில் பக்கம் போகணும். உங்க வண்டி அங்க பின்னால போவும். நாங்க அதுல ஏறிக்கிடுதோம். யாரும் யாருக்கும் வழிவிட வேண்டாம்."

அப்பா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். சித்தப்பாவும் ஓட்டிப் பார்த்தார். அதில் யாரும் தோற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள்.

மாப்பிள்ளை தானே முதல் மீன் பெட்டியைத் தூக்கினார். வெள்ளைச் சட்டை. சட்டையில் தண்ணீர் வழிந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவரை முழுதாக நான் பார்த்தது அப்போதுதான். அவருடைய அம்மாவை டிக்கி வழியாக இறக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். குட்டியானையில் ஏற்ற இன்னும் அதிகம் பேர். மேலே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இங்கே, வந்து ஒரு வருடம்கூட ஆகாத காரின் பின்சீட்டில் சீலா மீன் பெட்டிகளை அடுக்கினார்கள். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

பிறகு இரண்டு வண்டியும் ஒன்றைவிட்டு ஒன்று பின்னால் நகர்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்து வேலிக்கு மேலே தெரிந்தபடி மாப்பிள்ளையின் அம்மா கோயில் பக்கம் போனார்கள். நான் பீப் பீப் என்று துறைக்குப் போனேன்.

அப்புறம் நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தவர்களை வரவேற்று உட்கார வைத்தாயிற்று. பலகாரம் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்களாம்.

அம்மா அப்பாவைப் பார்த்தாளாம். அப்பா, "அவ மீன் கொண்டு போயிருக்கா. இப்ப வந்துருவா" என்றாராம்.

நான் மீனை இறக்கிவிட்டு, காரைத் துறையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். பின்வாசல் வழியாகப் போகத் தோன்றவில்லை. முன்வாசலில் நுழைந்தபோது என் புடவையில் சீலா வாடை எனக்கே அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"டிரைவர் பிள்ள வந்துட்டு. பொண்ண எங்க?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது என்று அம்மா கண்ணைக் காட்டினாள். ஆனால் அதற்கெல்லாம் நேரம் கடந்திருந்தது.

"வாய் உண்டுன்னு நீதான சொன்ன" என்றார்கள் அவருடைய அம்மா, யோசித்தபடி. "சுமாராத்தான் சமைப்பன்னும் சொன்ன."

"ஆமா."

"இதுவரைக்கும் நாங்க பாத்த பிள்ளையள்ல யாரும் அப்பிடிச் சொல்லல" என்று தாய்மாமாவிடம் திரும்பிச் சொன்னார்கள். அது பாராட்டா குறையா என்பது தெரிய ஒரு வாரம் ஆனது. பேசி முடிக்கலாம் என்று போன் வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். கல்யாணத்துக்கு வரும்போது துறையிலிருந்து கோயில் வரை நடந்தே வருவார்கள். கார் அனுப்பக் கூடாது.

அப்பாவுக்கு இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. பழைய என்ஜினியரை அழைத்துவந்தார். இந்த முறை சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். பாலம் இரண்டு பேருக்கும் வேண்டும் அல்லவா. என்ஜினியர் பார்க்கும்படியாக எங்கள் காரும் குட்டியானையும் மாறி மாறி ரோட்டில் வந்து போயின. இடையில் எப்படியோ ஒரு தடவை எதிர்த்து நின்றும் விட்டோம். என்ஜினியர் எல்லாவற்றையும் அக்கறையாகப் பார்த்தார்.

"ரெண்டு வண்டிக்கே இவ்வளவு நெரிசலா இருக்கே. பாலமும் வந்துட்டா ஊர் தாங்குமா? முதல்ல ரோட்டை அகலப்படுத்துங்க. அப்புறம் பாலத்தைப் பத்திப் பேசலாம்" என்றார்.

அகலப்படுத்த வேண்டுமானால் ஒரு பக்கத்து வீடுகளை இடிக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் ஊர்க்கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் காரை நாங்களே தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். உப்புக்காற்றில் கதவுகள் அதற்குள் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. மீன் வாடை போகவில்லை. எத்தனை தடவை கழுவியும் வெயில் ஏறினால் சீலா வந்துவிடும். லைசென்ஸ் எடுக்கப் போனபோது பின்னால் ஓட்டிக் காட்டியதைப் பார்த்து அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றார். முன்னால் போய்த் திருப்பச் சொன்னதும் நான் நின்றுவிட்டேன். காரை முழுதாகத் திருப்புவது என்பது நான் வாழ்க்கையில் செய்யாத காரியம். அடுத்த முறைதான் தேறினேன்.

அப்பா மாதத்துக்கு ஒரு தடவை எங்களைப் பார்க்க வருகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் கூட்டிவருவேன். பாளையங்கோட்டை ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போது இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொள்வார். எத்தனையோ காற்றில் கடலுக்குப் போய் வந்தவர், சிக்னலில் மஞ்சள் விழுந்தால் மாதாவைக் கூப்பிடுகிறார்.

ஊரில் இப்போது ஒரே வண்டி சித்தப்பாவின் குட்டியானை. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில்தான் போகிறார். சித்தப்பா கூப்பிட மாட்டார். அப்பாவும் கேட்க மாட்டார். வண்டி வாசலில் வந்து நிற்கும், அப்பா ஏறிக்கொள்வார். முன்சீட்டு காலியாகத்தான் இருக்கும். அப்பா பின்னால் காலிப் பெட்டியின் மேல், வெள்ளை வேட்டி சட்டையோடு உட்கார்ந்து போவார். போன தடவை ஏனென்று கேட்டேன்.

"முன்னால உக்காந்தா அவன் பேச்சக் கேக்கணும்லா" என்றார்.